பட்டாலையில் 150, மூட்டை அறையில் 84: ஒரு கிட்டார் மாணவரின் வேகம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியில் நான் நடத்தும் கிட்டார் வகுப்புக்கு வந்த ஒரு மாணவரின் பயிற்சி, ஓர் ஆவணியில் தொடங்கி அடுத்த சித்திரை வரை எப்படிப் போனது என்பதன் பதிவு இது. மாணவர் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே எழுதப்படுகிறது. பெயர்கள் இல்லை.

அவருக்கு அப்போது 22 வயது. ஆத்தங்குடிப் பக்கம் அவருடைய சித்தப்பா நடத்தும் டைல்ஸ் பட்டறையில் வேலை. கைபேசியில் காணொளி பார்த்து மூன்றாண்டுகளாகத் தானே கிட்டார் பழகியவர். உருக்குக் கம்பி போட்ட அகூஸ்டிக் கிட்டார், ஒலியை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் உள்ளே பொருத்தியது. உள்ளூர் மெல்லிசைக் குழுவொன்றில் பின்னணியில் கார்டு வாசித்துக்கொண்டிருந்தார். குழுவில் லீட், அதாவது முன்னணி மெட்டு, வாசித்தவர் வெளிநாட்டுக்குப் போய்விடவே, தை மாதம் கானாடுகாத்தானில் நடக்கவிருந்த ஒரு கல்யாண வரவேற்பில் அந்த இடத்தை இவரே நிரப்ப வேண்டும் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார்.

லீட் பகுதி எட்டு பார், அதாவது 32 தட்டு. டெம்போ நிமிடத்துக்கு 132 தட்டு. ஒரு தட்டுக்கு நான்கு சுரம். கணக்குப் போட்டால் நொடிக்கு 8.8 சுரம், ஒரு சுரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 114 மில்லி நொடி. நன்றாகப் பயின்ற கைக்கு இது பெரிய வேகமில்லை. ஆனால் பிக்கால், அதாவது கம்பியை மீட்டும் சிறு தகட்டால், ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக மீட்டி, கம்பி விட்டுக் கம்பி தாவியபடி வாசிப்பதற்கு எளிதும் இல்லை.

முதல் நாள் அவர் சொன்னது: "வேகம் ஏற்கெனவே இருக்கிறது மாஸ்டர். 150 வரை வாசிக்கிறேன். சுத்தம்தான் கொஞ்சம் வர வேண்டும்."

வேகத்தையும் சுத்தத்தையும் இரண்டு தனிச் சரக்குகளாகப் பிரித்துப் பேசும் வழக்கம் தானே பழகியவர்கள் பெரும்பாலோரிடம் உண்டு. சரியாக ஒலிக்காத சுரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு எட்டிய எண்ணை வேகம் என்று நான் ஏற்பதில்லை. ஆனால் அதை வாதாடி நிறுவ முடியாது, அளந்துதான் காட்ட வேண்டும். அளப்பதே இந்த நிகழ்வில் பாதி வேலையாகிவிட்டது.

முதலில் கண்டது

வகுப்பில் வாசித்தபோது 150 வரவில்லை. கை பதறியது. "வீட்டில் வரும்" என்றார். எல்லா மாணவரும் சொல்வதுதான் என்று விட்டுவிடாமல், அவர் வாசிக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அவர் பயிற்சி செய்தது தன் வீட்டில் அல்ல. வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தின் பெரிய வீட்டை அவருடைய அப்பத்தா பார்த்துக்கொள்கிறார். அந்த வீட்டுப் பட்டாலையில், அதாவது பெரிய கூடத்தில், மாலை நேரத்தில் உட்கார்ந்து வாசிப்பார். செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உயர்ந்த கூரை, தேக்குத் தூண்கள், கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவர், தரையில் வழவழவென்று ஆத்தங்குடி டைல்ஸ். ஒலியைக் குடித்துக்கொள்ளத் துணியோ மெத்தையோ எதுவும் இல்லை. ஒரு சுரம் அடித்தால் அது அடங்குவதற்குள் பத்துச் சுரம் வந்துவிடும். அங்கே 150-இல் அவர் வாசித்தது உண்மையாகவே நன்றாக இருந்தது. விழுந்துபோன சுரங்களின் இடைவெளியை முந்தைய சுரங்களின் எதிரொலி நிரப்பிவிட்டது. கேட்ட எனக்கே முதலில் குறை தெரியவில்லை.

எதிரொலி இல்லாத இடம் தேடினோம். அதே வீட்டில் சீர்ப் பாத்திரங்கள் அடுக்கிய சாமான் அறை கதவடைத்து இறுக்கமாக இருந்தது. ஆனால் ஆறாவது கம்பியைத் தொட்டவுடன் எங்கேயோ ஒரு பித்தளை அண்டா கூடவே முனகியது. கடைசியில் மாணவரின் சொந்த வீட்டில், நெல் மூட்டைகளும் மடித்த பாய் படுக்கைகளும் கிடந்த சிறிய அறை சரியாக அமைந்தது. கைபேசியை மூட்டை மேல் வைத்துப் பதிவு செய்து, பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டோம்.

பாதி வேகத்தில் கேட்டதும் மாணவர் முகம் மாறிவிட்டது. ஒரு பாருக்கு 16 சுரம் இருக்க வேண்டிய இடத்தில் சில பார்களில் 13-தான் தெளிவாக ஒலித்தது. மீதி வெறும் டப் டப் என்ற பிக் ஓசை. டெம்போவைக் குறைத்துக்கொண்டே வந்தோம். எல்லாச் சுரமும் ஒலித்த டெம்போ 84.

எதை அளப்பது

தட்டை ஒலித்துக் காட்டும் கருவியான மெட்ரோனோம் காட்டும் எண் மெட்ரோனோமின் வேகம். வாசிப்பவரின் வேகத்துக்குத் தேர்ச்சி விதி ஒன்று தேவை. நாங்கள் வகுத்துக்கொண்டது: நான்கு பார், தொடர்ந்து மூன்று முறை, மூட்டை அறையில் பதிவு செய்து, பாதி வேகத்தில் கேட்கும்போது ஒவ்வொரு சுரமும் ஒலிக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த டெம்போ தேறவில்லை. தேறினால் 4 கூட்டுவது. இரண்டு நாள் தொடர்ந்து தவறினால் 8 குறைப்பது. ஒரே ஒருமுறை அதிர்ஷ்டத்தில் வந்துவிடும் உச்சத்தை எழுதி வைப்பதில்லை என்பதுதான் இதில் முக்கியம். மேடையில் நமக்குக் கிடைப்பது ஒரே முறை. அந்த ஒரே முறையில் வரக்கூடியதைத்தான் அளக்க வேண்டும்.

இடையில் ஒரு குழப்பம் வந்தது. மாணவர் ப்ளூடூத் காதணியில் மெட்ரோனோம் கேட்டபடி கைபேசிச் செயலியில் பதிவு செய்து கொண்டுவந்தார். கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் போட்டு அலைவடிவத்தைப் பார்த்தால், சுரங்கள் அத்தனையும் தட்டுக்குப் பின்னால் தள்ளி விழுந்திருந்தன. "நான் இவ்வளவு தாமதமா?" என்று சோர்ந்துபோனார். உற்றுப் பார்த்தால் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு தள்ளியிருந்தன. ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேர ஆகும் தாமதம் அது. எல்லாச் சுரமும் ஒரே அளவு தள்ளியிருந்தால் கருவியின் கோளாறு. ஒவ்வொன்றும் ஒரு விதமாகத் தள்ளியிருந்தால் கையின் கோளாறு. வயர் காதணிக்கு மாறியதும் முன்னது போய்விட்டது. பின்னது அப்படியே நின்றது.

கைகளைப் பிரித்துப் பார்த்தது

84 என்ற எண் நிலைமையைச் சொல்லியது, காரணத்தைச் சொல்லவில்லை. 'இன்னும் பயிற்சி செய்' என்பதைத் தவிர அதிலிருந்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஆகவே அதே தேர்ச்சி விதியை வைத்து வேலையை நான்காகப் பிரித்தோம்.

வலது கை மட்டும், ஒரே திறந்த கம்பியில், பிக் மேலும் கீழுமாக: 144.

இடது கை மட்டும், பிக் இல்லாமல், விரலால் தட்டியும் இழுத்தும்: 128.

இரண்டு கையும் சேர்ந்து, ஒரே கம்பியில்: 116.

இரண்டு கையும், கம்பி தாவி: 84.

இந்தப் பட்டியலைக் கண்டபோதுதான் பிரச்சினை கையில் பிடிபட்டது. விரல் மெதுவாக இருந்தது என்று மாணவர் நம்பியிருந்தார். அதற்காக இடது கைப் பயிற்சிகளை மாதக்கணக்கில் செய்து வந்திருந்தார். ஒரே கம்பியில் இரண்டு கையும் சேரும்போது 12 மட்டுமே குறைகிறது. கம்பி தாவும் இடத்தில் 32 குறைகிறது. அவர் இத்தனை நாள் தண்ணீர் ஊற்றியது வேறு பாத்தியில்.

தாவலில் என்ன நடக்கிறது என்று கைபேசியில் மெதுவியக்கக் காணொளி எடுத்தோம். அவர் வாசித்த விரலமைப்பில் ஒரு கம்பிக்கு மூன்று சுரம். பிக் கீழ், மேல், கீழ் என்று மூன்று முறை மீட்டியதும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்கும். அடுத்த சுரம் அடுத்த கம்பியில், மேல்நோக்கி மீட்ட வேண்டியது. அதற்கு பிக் அந்தக் கம்பியைத் தொடாமல் தாண்டி, மறுபுறம் போய், திரும்பி வர வேண்டும். அங்கிருந்து மேல், கீழ், மேல் முடிந்ததும் அடுத்த தாவல் வேறு வகை. ஆக ஒரு தாவலுக்கு ஒரு வித மணிக்கட்டு அசைவு, அடுத்ததற்கு இன்னொரு வித அசைவு. சேதி தெரியாத கை இரண்டுக்கும் நடுவே தடுமாறி, கம்பியை உரசிக்கொண்டு போனது. அந்த உரசல்தான் பதிவில் கேட்ட 'டப்'.

தகிடவும் தகதிமியும்

அலைவடிவத்தில் இன்னொன்றும் தெரிந்தது. தாவும் சுரம் ஒவ்வொன்றும் மற்றவற்றைவிட உயரமாக இருந்தது. பயத்தில் அங்கே அழுத்தி மீட்டியிருக்கிறார். கம்பிக்கு மூன்று சுரம் என்பதால் அழுத்தம் மூன்றுக்கு ஒருமுறை விழுந்தது. பாட்டு கேட்பதோ நான்கு. மெட்ரோனோம் தகதிமி, தகதிமி என்று போக, கை தகிட, தகிட என்று போனது. பன்னிரண்டாவது சுரத்துக்குப் பிறகு இரண்டும் ஒன்று கூடும். அதற்குள் மூன்று தட்டு கடந்திருக்கும். தட்டு எங்கே விழுகிறது என்று தெரியாமல் அவர் திணறியதற்கும், திணறலை மறைக்க முடுக்கியதற்கும் இதுவே காரணம்.

மாணவருக்குக் கர்நாடக இசைப் பயிற்சி கிடையாது. ஆனாலும் சொற்கட்டு சொல்ல வைத்தேன். வாயால் தகதிமி சொல்ல முடியாத டெம்போவில் கையால் வாசிப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். மெட்ரோனோமை ஒரே இடத்தில் நிறுத்தி, தட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று மூன்று காலத்திலும் வாசிப்பதையும் சேர்த்தோம். வரிசைப் பாடம் படித்த எந்தக் குழந்தையும் செய்வதுதான். கிட்டார் பழகுகிறவர்கள் மெட்ரோனோமைத் திருகிக்கொண்டே போவார்கள். தட்டை நிலையாக வைத்துச் சுரத்தைப் பெருக்கினால், முதற்காலத்தில் தட்டுக்கு நேராக விழுந்த சுரம் மூன்றாங்காலத்திலும் அங்கேயே விழுகிறதா என்று உடனே தெரிந்துவிடுகிறது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, விரலமைப்பையே மாற்றுவது. எட்டு பாரையும் எழுதிப் பார்த்து, ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு அல்லது நான்கு சுரம் வருமாறு இடம் மாற்றினோம். இரட்டைப்படையானால் ஒவ்வொரு கம்பியும் கீழ்நோக்கிய மீட்டில் தொடங்கி மேல்நோக்கிய மீட்டில் முடியும். பிக்கின் பின்முனை சற்றே தரையைப் பார்க்குமாறு சாய்த்துப் பிடித்தால், மேல்நோக்கிய மீட்டு முடியும்போது பிக் தானாகவே கம்பிகளின் தளத்தைவிட்டு வெளியே வந்துவிடும். தாண்டுவதற்குத் தனி முயற்சி வேண்டாம். இரண்டு விதத் தாவல் ஒரே விதமாயிற்று. அழுத்தம் மூன்றில் விழுவதும் நின்றது. இடது கைக்கு இதனால் சில இடங்களில் நான்கு ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தாண்டும் நீட்டல் சேர்ந்தது. இடது கையில் கொஞ்சம் இருப்பு இருந்ததால் அந்தச் செலவு தாங்கும் என்று கணித்தோம்.

இரண்டாவது, கருவி. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஆறாவது கம்பியின் உயரம் 3.5 மில்லிமீட்டர் இருந்தது. கழுத்து லேசாக முன்னால் வளைந்திருந்தது. மதுரையில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து, கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடை முடுக்கி, மிச்சத்தை பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடிலைத் தேய்த்து, 2.5-க்குக் கொண்டுவந்தோம். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சாடிலில் ஒரு மில்லிமீட்டர் போக வேண்டும். வீட்டிலேயே தேய்ப்பவர்கள் இதைக் கவனிக்காமல் ஒன்று போதாமலும் ஒன்று அதிகமாகவும் தேய்த்துவிடுகிறார்கள். கம்பியும் ஓர் எண் மெலிதாக, 11-க்கு மாற்றப்பட்டது. பழைய கம்பி முழுக்கத் துரு. உலோக அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி 1953 முதல் இயங்கும் ஊரில் கிட்டார் கம்பிகளை யாரும் துடைப்பதில்லை என்பது என் பழைய மனக்குறை.

மூன்றாவது, பிடி. கிட்டாரை வலது தொடையில் கிடத்தி வாசித்ததால் இடது மணிக்கட்டு கூர்மையாக மடங்கியது. காலடியில் ஒரு மணை போட்டு, கருவியை இடது தொடைக்கு மாற்றி, கழுத்தை உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். குழு நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று தயங்கினார். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவரான சுப்பராம ஐயர் வீணையையே நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர் என்றும், அவரைக் கேலி செய்தவர் பெயர் யாருக்கும் நினைவில்லை என்றும் சொன்னேன். மணை தங்கிவிட்டது.

நான்காவதாக, இடது சுண்டுவிரல். மோதிர விரல் அழுத்தும்போதெல்லாம் சுண்டுவிரல் பலகையைவிட்டு எழும்பி, உள்ளங்கைப் பக்கம் கொக்கிபோல் சுருண்டுகொள்ளும். அதை விரித்துக் கீழே கொண்டுவரும் நேரம் ஒவ்வொரு முறையும் வீண். இதற்கு வேகப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. நிமிடத்துக்கு 50 என்ற டெம்போவில், கண்ணாடி முன் உட்கார்ந்து, விரல் எழும்பினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவது மட்டும். சலிப்பூட்டும் வேலை. தினமும் சிறிது நேரம் செய்தார்.

பட்டறைக் கை

புரட்டாசியில் எண்கள் ஏறத் தொடங்கின. 92, 96, 100. ஆனால் ஒரே வாரத்தில் ஒரு நாள் 100 தேறும், இன்னொரு நாள் 88 கூட வராது. குறிப்பேட்டில் டெம்போவோடு நேரத்தையும் எழுதியிருந்ததால் காரணம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பதிவுகள் எல்லாம் மேலே; வேலை நாள் இரவுப் பதிவுகள் எல்லாம் கீழே. இரண்டுக்கும் வித்தியாசம் 12-க்குக் குறையவில்லை.

பட்டறையில் அவர் செய்வதைப் பார்த்தால் வியப்பில்லை. சட்டத்துக்குள் கண்ணாடிப் பலகை வைத்து, அச்சு வழியாக வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே மணலும் சிமெண்டும் தூவி, கலவை அப்பி, கரண்டியால் அழுத்தி மட்டம் செய்வார்கள். பிறகு காய்ந்த கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு எடுப்பது. கரண்டி பிடிப்பதும் தொட்டியிலிருந்து கல்லைத் தூக்குவதும், பிக் பிடிக்கும் அதே முன்கைத் தசைகளின் வேலை. அத்தோடு, நாள் முழுதும் ஈரத்தில் ஊறிய இடது கை விரல் நுனிகளில் காய்ப்பு வெளுத்து மெத்தென்று ஆகிவிடும். அந்த நிலையில் கம்பியை அழுத்தினால் தோலில் பள்ளம் விழுகிறது. சிமெண்டின் காரம் தோலை உலர்த்தி, பட்டறை இல்லாத நாளில் அதே காய்ப்பு வெடித்துப் போகும்.

வேலையை விடு என்று சொல்ல முடியாது, சோறு அங்கேதான். நேரத்தை மாற்றினோம். விடியற்காலை எழுந்து, பட்டறைக்குப் போகுமுன் பயிற்சி. தேர்ச்சிப் பதிவும் காலையில் மட்டும். இரவில் பிக்கைத் தொடுவதில்லை. பாட்டைக் கேட்பது, தகதிமி சொல்லியபடி விரலமைப்பை மனத்தில் ஓட்டுவது. தொட்டி வேலைக்கு ரப்பர் கையுறை. கையுறை போட்டால் கல் வழுக்கும் என்று சித்தப்பா முதலில் மறுத்தார். பின்னர் அவரே உள்ளங்கையில் சொரசொரப்பு வைத்த கையுறை வாங்கிவந்தார். இரவில் விரல் நுனிக்குத் தேங்காயெண்ணெய். காலையில் கம்பியைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுவது.

ஐப்பசி முடிவில் காலைப் பதிவு 112-ஐத் தொட்டது.

வலி

அதே சமயத்தில் வலது முழங்கையின் வெளிப்புறம் வலி. மாணவர் சில நாள் சொல்லாமல் இருந்துவிட்டு, பிக் கை நழுவியபோது சொன்னார். பயிற்சி அன்றே நிறுத்தப்பட்டது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினோம். தசைநார் உளைச்சல், மரத்துப்போதல் இல்லை, ஓய்வும் சில நீட்டல் பயிற்சிகளும் போதும் என்றார். பட்டறையில் தொட்டி வேலையை அந்த நாள்களில் வேறொருவர் பார்த்தார்.

திரும்பி வந்தபோது காரணத்தையும் தேடினோம். டெம்போ கூடக் கூட, வேகம் தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. கை முழுவதும் விறைத்து நடுங்கியே 112 வந்தது. தேர்ச்சி விதியில் காதுக்கு மட்டும் இடம் இருந்தது, உடம்புக்கு இல்லை. எனவே ஒரு வரி சேர்த்தோம்: வாசித்து முடித்ததும் தோள் காதை நோக்கி ஏறியிருந்தாலோ, பல்லைக் கடித்திருந்தாலோ, அந்த முறை தேறவில்லை. இந்த விதியின்படி அவருடைய வேகம் 112-லிருந்து 104-க்கு இறங்கியது. அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது நியாயமான எண்ணாகப் பட்டது.

மார்கழித் தேக்கம்

கார்த்திகையில் 116 வந்து அங்கேயே நின்றது. மார்கழி பிறந்ததும் புதுச் சிக்கல்: விடியுமுன்னே கோயில் ஒலிபெருக்கிகள் தொடங்கிவிடும். பயிற்சி நேரமும் திருப்பாவை நேரமும் ஒன்று. மூட்டை அறைப் பதிவில் கிட்டாரைவிடப் பாசுரம் தெளிவாகக் கேட்டது. கிட்டாரின் பிக்கப்பிலிருந்து கேபிள் வழியாகக் கணினிக்கே நேராகப் பதிவு செய்யத் தொடங்கினோம். கட்டாயத்தால் வந்த இந்த மாற்றம் அளவையை இன்னும் கூர்மையாக்கியது. அறை ஒலி அறவே இல்லாததால் அலைவடிவத்தில் ஒவ்வொரு மீட்டும் ஊசிபோல் எழுந்து நின்றது. சுரங்களுக்கு இடையிலான தொலைவைத் திரையில் அளந்துவிட முடிந்தது.

அந்த அளவையில் தெரிந்தது: 116-இல் தாவல்கள் சீர். தவறுவது ஒவ்வொரு பாரின் முடிவிலும், அடுத்த விரல் இடத்துக்குக் கை நகரும்போது. நான்கால் கூட்டிக்கொண்டே போகும் முறை இதற்கு உதவவில்லை. அதில் கை எப்போதும் தன் பழைய அசைவையே சற்று அவசரமாகச் செய்கிறது.

முறையை மாற்றினோம். டெம்போவை நேராக 138-இல் வைத்து, இரண்டு தட்டு மட்டும் வாசித்து, இரண்டு தட்டு கையைத் தளர்த்தி நிறுத்துவது. அந்தச் சின்னத் துண்டு தளர்ந்த கையோடு தேறினால் மூன்று தட்டு. பிறகு நான்கு. பிறகு பாரின் முடிவையும் அடுத்த பாரின் தொடக்கத்தையும் மட்டும் பிடித்து வாசிப்பது. துண்டு சிறியதாக இருப்பதால் விறைப்பு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. நாள்களை ஒன்றுவிட்டொன்றாக வைத்து, நடுநாளில் 60-க்கு மேல் போகாமல் முழுப் பகுதியையும் வாசித்தார்.

தை பிறக்கும்போது முழுத் தேர்ச்சி விதியில் காலைப் பதிவு 126.

கல்யாணம்

தேவை 132. வரவேற்போ மாலையில். மாலையில் அவருடைய எண் 116-ஐத் தாண்டவில்லை. குழுத் தலைவரிடம் பதிவுகளைக் காட்டி மூன்று வழிகளைப் பேசினோம். டெம்போவைக் குறைப்பது, ஆடுகிறவர்கள் பழகிய பாட்டு, தொய்ந்துவிடும் என்று மறுத்தார். வேறொருவரை அழைப்பது, அவருக்கு அது சம்மதம், மாணவருக்கு இல்லை. மூன்றாவது, பகுதியைச் செதுக்குவது. அதையே எடுத்துக்கொண்டோம். முதல் ஆறு பாரில் கம்பி தாவும் சில இடங்களில் பிக்கை விட்டு, இடது விரலால் தட்டியெழுப்பும் ஹாமர் ஆன் சேர்த்தோம். வலது கைக்கு மூச்சு கிடைக்கும். கடைசி இரண்டு பாரில் தட்டுக்கு நான்கை இரண்டாகக் குறைத்து, இறுதிச் சுரத்தை நீட்டி நிறுத்துவதாக மாற்றினோம். அத்துடன் அன்றைக்குப் பட்டறைக்கு விடுப்பு.

வரவேற்பு நடந்ததும் வளவும் (உள்முற்றம்) பட்டாலையுமாக இருந்த பெரிய வீட்டில்தான். எதிரொலி விஷயத்தில் மாணவர் தொடங்கிய இடமே மேடையாக வாய்த்தது. மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவைப் பின்னர் அளந்தபோது, டிரம்மர் உற்சாகத்தில் பாட்டையே 136-க்கு ஏற்றிவிட்டிருந்தது தெரிந்தது. மாணவர் கூடவே போயிருந்தார். மூன்றாவது பாரில் இரண்டு சுரம் விழுந்திருந்தது, மற்றவை எல்லாம் ஒலித்தன. சபையில் யாரும் கவனிக்கவில்லை. பந்தி தொடங்கும் நேரம் வேறு.

அதன் பிறகு

பதிவைக் கேட்ட மாணவர் அந்த இரண்டு சுரத்தைப் பற்றித்தான் பேசினார். குழுத் தலைவர் செதுக்கிய வடிவமே நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றார். எனக்கும் அதே கருத்து; கடைசி இரண்டு பாரில் சுரம் குறைந்தபோது முன்னே வந்த வேகம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. மாணவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. மாசி-பங்குனித் திருவிழாவுக்குக் குழு பல ஊர்களில் வாசித்ததால் பயிற்சி குறைந்து மேடை கூடியது. சித்திரையில் மூல வடிவத்தை முழுத் தேர்ச்சி விதியில் அளந்தபோது காலையில் 132, வேலை நாள் இரவில் 120. முழங்கை வலி திரும்பவில்லை. சுண்டுவிரல் இன்னும் எழும்புகிறது, ஆனால் சுருள்வதில்லை.

இந்த முறையில் மாற்றிக்கொண்டவை

நான்கு சோதனைகளும் இப்போது ஒவ்வொரு புதிய மாணவருக்கும் முதல் வாரத்திலேயே நடக்கின்றன. எந்தக் கை, எந்தச் செயல் தடுக்கிறது என்று தெரியாமல் பயிற்சி நேரத்தைக் கூட்டச் சொல்வதில்லை. உடல் விறைப்பு விதி தொடக்கத்திலிருந்தே உண்டு. அது முன்பே இருந்திருந்தால் ஐப்பசியின் 112 குறிப்பேட்டில் ஏறியிருக்காது, வலியும் வந்திருக்காது என்று நினைக்க இடமிருக்கிறது.

காலையில் மட்டும் அளப்பது என்ற முடிவைத் திருத்தியிருக்கிறேன். ஏற்றத்தைக் காண அது சரியான அளவை. மேடைக்குத் தயாரா என்று சொல்ல அது போதாது. நிகழ்ச்சி மாலையில் என்றால் வாரத்துக்கு ஒரு பதிவு மாலையில், வேலை முடித்த கையோடு எடுக்கப்படுகிறது. குழுவோடு வாசிக்கிறவர்களுக்குக் குறித்த டெம்போவைவிட 6 கூடுதலாக ஒருமுறை தேறியிருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன், டிரம்மர்களை முன்னிட்டு.

தொட்டி வேலை, தையல், மர இழைப்பு, சமையல் என்று கைவேலை செய்கிறவர்கள் வகுப்பில் சேரும்போது, கிட்டாரைப் பார்க்குமுன் கையைப் பார்க்கிறேன். காய்ப்பு எங்கே, வெடிப்பு எங்கே, எந்த நேரத்தில் கை ஓய்ந்திருக்கும் என்பதெல்லாம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஏறுகிறது. பட்டாலையில் பயிற்சி செய்ய வேண்டாம் என்று யாரிடமும் சொல்வதில்லை. அங்கே வாசிப்பது இனிமை, அந்த இனிமை கிடைக்காவிட்டால் பலர் பயிற்சியையே விட்டுவிடுவார்கள். பதிவு மட்டும் மூட்டை அறையில், அல்லது கேபிளில்.